மொராக்கோவின் உள்துறையில் இருபது ஆண்டுகள்: இத்ரிஸ் பஸ்ரி

கேட்கப்பட்ட கேள்வி இது: "மொராக்கோவில் இத்ரிஸ் பஸ்ரி என்பவர் 1979இலிருந்து 1999 வரை விடாமல் உள்துறை அமைச்சராக இருந்திருக்கிறார். அதற்குள் பிரதமர் நாற்காலியில் ஐந்து பேர் மாறி மாறி உட்கார்ந்துவிட்டார்கள். இவர் ராணுவத் தளபதியும் இல்லை, பெரிய குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. எப்படித் தாக்குப்பிடித்தார்? அவ்வளவு செல்வாக்குள்ள ஆளை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியதும் எப்படி?"

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் எண்ணம். அவருக்கென்று சொந்தமாக எதுவும் இல்லை. படை இல்லை, கட்சி இல்லை, பரம்பரைப் பெருமை இல்லை. இருந்ததெல்லாம் மன்னர் இரண்டாம் ஹசனின் நம்பிக்கை மட்டும். அந்த இல்லாமைதான் அவரை இருபது வருடம் வைத்திருந்தது. மன்னர் போனதும் நாலே மாதத்தில் அவரை வெளியே அனுப்பியதும் அதுவேதான்.

பஸ்ரி பிறந்தது 1938 நவம்பர் 8 அன்று, கசபிளாங்காவுக்குத் தெற்கே தானியம் விளையும் ஷாவியா சமவெளியில் உள்ள செத்தாத் என்ற ஊரில். அப்பா சிறைக் காவலர். மொராக்கோவின் பெரிய பதவிகள் அப்போதெல்லாம் ஃபெஸ், ரபாத் நகரங்களின் பழைய குடும்பங்களுக்கும், சுதந்திரத்துக்குப் பிறகு பெர்பர் என்ற பூர்வகுடி மக்களின் பகுதிகளிலிருந்து வந்த ராணுவ அதிகாரிகளுக்கும் உரியவை. செத்தாத்திலிருந்து வந்த காவலர் மகனுக்கு அந்த இரண்டு வாசலும் மூடியே இருந்தன. அவர் போலீஸில் சேர்ந்தார். வேலை பார்த்துக்கொண்டே சட்டம் படித்து முனைவர் பட்டம் வரை போனார். நிர்வாக அதிகாரிகளின் பணியைப் பற்றியே புத்தகமும் எழுதினார், பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். படிப்பறிவில்லாத அடியாள் என்று அவரைச் சித்திரிப்பவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. தன் கையில் இருந்த இயந்திரத்தின் ஒவ்வொரு பல்சக்கரமும் அவருக்கு அத்துப்படி.

அவருக்கு முன்னால் அந்த நாட்டில் என்ன நடந்தது என்று தெரியாமல் அவருடைய எழுச்சி புரியாது. 1964இலிருந்து 1971 வரை உள்துறை ஜெனரல் முகம்மது ஊஃப்கீரிடம் இருந்தது. 1971 ஜூலை 10 அன்று ஸ்கிராத் கடற்கரை அரண்மனையில் மன்னரின் பிறந்தநாள் விருந்துக்குள் ராணுவப் பயிற்சி மாணவர்கள் துப்பாக்கியோடு புகுந்தார்கள். மன்னர் உயிர் தப்பினார். அடுத்த ஆண்டு, 1972 ஆகஸ்ட் 16 அன்று, ஃபிரான்ஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அவருடைய விமானத்தை அவருடைய விமானப்படையே வானத்தில் சுட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர் ஊஃப்கீர், மன்னர் மிகவும் நம்பிய மனிதர். அன்றிரவே அவர் பிணமானார். தற்கொலை என்று அரசு அறிவித்தது. உடலில் பல குண்டுக் காயங்கள் இருந்தன என்றது குடும்பம். அடுத்து வலக்கையாக இருந்த ஜெனரல் அகமது த்லீமியும் 1983 ஜனவரியில் மராகேஷில் கார் விபத்தில் இறந்தார். அது விபத்துதானா என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை.

துப்பாக்கி வைத்திருப்பவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒருநாள் அந்தத் துப்பாக்கி தன் பக்கமே திரும்பும். ஹசன் இதைத் தன் உயிரை வைத்துக் கற்றுக்கொண்டார். அவருக்கு இனி வேண்டியது தளபதி இல்லை, கோப்பு பார்க்கத் தெரிந்த ஒருவர். 1970களின் தொடக்கத்தில் உள்நாட்டு உளவுப் பிரிவின் பொறுப்பு பஸ்ரிக்குப் போனது. 1974இல் உள்துறையில் துணைநிலை அமைச்சர். 1979இல் முழு அமைச்சர். 1980களின் நடுவிலிருந்து பத்து வருடம் தகவல் துறையும் சேர்ந்துகொண்டது. அதாவது, ஊரில் நடப்பதை அறிந்து மன்னரிடம் சொல்வதும் அவர் வேலை, அதில் எதைத் தொலைக்காட்சியில் காட்டலாம் என்று முடிவு செய்வதும் அவர் வேலை.

அந்த அமைச்சகத்தை மொராக்கோவில் "உம்முல் விஸாரத்" என்பார்கள், எல்லா அமைச்சகங்களுக்கும் தாய். ஏன் அந்தப் பெயர் என்று புரிய ரபாத்தில் உள்ள அமைச்சர் அறையைப் பார்ப்பதைவிட ஏதாவது ஒரு ஏழைத் தெருவின் முனையைப் பார்ப்பது நல்லது. அங்கே "முகத்தம்" என்று ஒருவர் இருப்பார். அரசு ஊழியர் வரிசையின் கடைசிப் படி. சொற்ப ஊதியம், பெரிய படிப்பு கிடையாது. ஆனால் தெருவில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எந்தப் பையன் எந்தக் கல்லூரியில் படிக்கிறான், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார், யார் அனுமதியில்லாமல் மாடியில் ஓர் அறை எழுப்புகிறார், எல்லாம் அவருக்குத் தெரியும். அடையாள அட்டை வாங்கப் போகும் இளைஞனுக்குக் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். அவன் உண்மையில் அந்த வீட்டில்தான் இருக்கிறான் என்று முகத்தம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மேலே கையெழுத்து விழும். முகத்தத்தைப் பகைத்துக்கொண்ட குடும்பம் ஒரு சின்னத் தாளுக்காக வாரக்கணக்கில் அலையும்.

முகத்தத்துக்கு மேலே ஷேக், அவருக்கு மேலே காயித், நகரமானால் பாஷா, அவர்களுக்கு மேலே மாகாண ஆளுநர், பெரிய நகரங்களில் வாலி. 1977 பிப்ரவரியில் வந்த அரச ஆணை ஆளுநரை மாகாணத்தில் மன்னரின் பிரதிநிதி என்றே வரையறுத்தது. மற்ற அமைச்சகங்களின் மாவட்ட அலுவலகங்களை ஒருங்கிணைப்பதும் அவர் பொறுப்பு. கல்வி அமைச்சர் வேறு கட்சிக்காரராக இருக்கலாம், சுகாதார அமைச்சர் வேறு ஒருவராக இருக்கலாம். மாகாணத்தில் இறங்கிப் பார்த்தால் எல்லாரும் ஆளுநரின் மேசைக்கு முன்னால்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி மன்றத்தின் பட்ஜெட்டும் உள்துறையின் ஒப்புதல் இல்லாமல் நகராது. 1992இல் உள்ளாட்சி அமைப்புகளின் எண்ணிக்கையை 859இலிருந்து 1544ஆக உயர்த்தினார்கள். பரவலாக்கம் என்று அதைச் சொன்னார்கள். புதிதாக முளைத்த ஒவ்வொரு மன்றமும் உள்துறையின் மேற்பார்வையிலேயே இருந்ததால், அதிகாரம் பரவியது போலத் தெரிந்தாலும் கயிறு ஒரே கையில்தான் இருந்தது.

மொராக்கோ மக்கள் அரசாங்கத்தை "மக்ஸன்" என்று சொல்வார்கள். அரபியில் களஞ்சியம் என்று பொருள், வரியாக வந்த தானியத்தைச் சேர்த்துவைக்கும் இடம். நூற்றாண்டுகள் பழைய அந்தச் சொல்லுக்கு நவீன அலுவலகம், தொலைபேசி, கோப்பு எண் எல்லாம் கொடுத்தவர் பஸ்ரி.

இந்த இயந்திரத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் அவருடைய நிர்வாகத் திறமையை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 1981இல் நாடு கடனில் திணறியது. மொராக்கோ தன்னுடையது என்று சொல்லும் தெற்கத்திப் பாலைவனமான மேற்கு சஹாராவில், தனிநாடு கேட்டவர்களோடு போர், போதாதற்குக் கடும் வறட்சி. மாவு, சர்க்கரை, எண்ணெய், வெண்ணெய் விலையை அரசு ஒரேயடியாக ஏற்றியது. ஜூன் 20 அன்று கசபிளாங்காவில் பொது வேலைநிறுத்தம். தகரக் குடிசைப் பகுதிகளிலிருந்து இளைஞர்களும் சிறுவர்களும் தெருவில் இறங்கினார்கள். படை சுட்டது. இறந்தவர்கள் 66 பேர் என்றது அரசு. 600க்கும் மேல் என்றன எதிர்க்கட்சிகள். பஸ்ரி அந்தப் பிணங்களுக்கு ஒரு பெயர் வைத்தார்: "ஷுஹதா அல் கூமிரா". கூமிரா என்றால் கடையில் விற்கும் நீள ரொட்டி. ரொட்டிக்காகச் செத்த தியாகிகள் என்று ஏளனமாகச் சொன்னது. அந்த ஏளனத்தையே ஊர் எடுத்து மரியாதைப் பெயராக்கிக்கொண்டது. இன்றும் நினைவுகூரும்போது அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள்.

உடல்கள் எங்கே என்று 24 வருடம் யாருக்கும் சொல்லப்படவில்லை. 2005 டிசம்பரில் கசபிளாங்காவில் தீயணைப்புப் படையின் வளாகத்தை ஒட்டிய நிலத்தைத் தோண்டினார்கள். 77 உடல்கள் கிடைத்தன. தீயணைப்பு வண்டிகள் தினமும் போய் வந்த இடம் அது. அந்தச் சுவரைக் கடந்து வேலைக்குப் போன அம்மாக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் அதைப் படித்த நாளிலிருந்து என்னை விடவில்லை.

கலவரத்துக்குப் பிறகு பஸ்ரியின் அமைச்சகம் செய்ததில் ஒரு விஷயம் அதிகம் பேசப்படுவதில்லை. கசபிளாங்காவைப் பல நிர்வாகப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி ஆளுநர் போட்டார்கள். நகரத் திட்டமிடலை வீட்டுவசதித் துறையிடமிருந்து எடுத்து உள்துறையின் கீழ் கொண்டுவந்தார்கள். சாலை எங்கே போக வேண்டும், எந்தக் குடிசைப் பகுதி எங்கே இடம் மாற வேண்டும் என்பதெல்லாம் போலீஸைக் கையில் வைத்திருந்த அமைச்சகத்தின் முடிவாயின. அதே நகரில் கடலோரம் 200 மீட்டர் உயர மினாராவோடு இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் எழுந்தபோது, பொதுமக்கள் நன்கொடை வசூலும் இந்த முகத்தம், காயித் வழியாகத்தான் நடந்தது. மனமுவந்து கொடுத்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் கேட்பவர் உங்கள் சான்றிதழைக் கையில் வைத்திருப்பவராக இருந்தால், அதை நன்கொடை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

1984 ஜனவரியில் வடக்கே நாதோர், ஹுசைமா, தெத்துவான் பக்கம் மறுபடி கலவரம், மறுபடி துப்பாக்கிச் சூடு. 1990 டிசம்பரில் ஃபெஸ். இதற்கெல்லாம் நடுவே கசபிளாங்காவின் தெர்ப் மௌலாய் ஷெரீஃப் போன்ற காவல் மையங்களில் ஆட்களைக் கண்ணைக் கட்டி மாதக்கணக்கில் வைத்திருந்தார்கள். எல்லாக் கொடுமையையும் ஒரே ஆள் தலையில் ஏற்றுவது தவறு. ராணுவக் கைதிகள் புதைபட்டுக் கிடந்த தஸ்மாமர்த் சிறை பஸ்ரியின் அமைச்சகம் நடத்தியது இல்லை. ஆனால் உள்துறையில் மிக உயர்ந்த இடங்களில் கால் நூற்றாண்டு இருந்த ஒருவர், நாட்டில் ஆட்கள் காணாமல் போவது தெரியாது என்று சொல்ல முடியாது.

தேர்தல்களையும் அவர்தான் நடத்தினார். 1984, 1993, 1997. ஒவ்வொரு முறையும் அரண்மனைக்கு வேண்டிய கட்சிகளுக்குத் தேவையான அளவு இடம் வந்து சேர்ந்தது. "நிர்வாகக் கட்சிகள்" என்றே அவற்றுக்கு ஊரில் பெயர். 1993இல் ஒரு கணக்கு போட்டார்கள்: 333 இடங்களில் 222க்குத்தான் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். மீதி 111 இடங்களை உள்ளாட்சி உறுப்பினர்களும் தொழில் சங்கங்களும் நிரப்பின. நேரடிச் சுற்றில் முன்னே வந்த எதிர்க்கட்சிகள் அந்த மறைமுகச் சுற்றில் பின்னே தள்ளப்பட்டன. 1997இல் நடந்த ஒன்று இன்னும் வெளிப்படையானது. கசபிளாங்காவில் சோஷலிஸ்ட் கட்சியின் இளம் வேட்பாளர் ஒருவர் வென்றதாக அறிவித்தார்கள். அவர், "நான் ஜெயிக்கவில்லை, இந்த இடம் எனக்கு வேண்டாம்" என்று மறுத்துவிட்டார். முறைகேட்டால் தோற்றதாகப் புகார் சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. முறைகேட்டால் கிடைத்த வெற்றியைத் திருப்பிக் கொடுத்தவரைப் பற்றி எப்போதாவதுதான் கேள்விப்படுகிறோம்.

பஸ்ரியின் ஆட்சி எப்படி வேலை செய்தது என்பதற்கு ஆப்ரகாம் செர்ஃபாட்டியின் கதை போதும். கசபிளாங்காவில் 1926இல் பிறந்த யூதர், சுரங்கப் பொறியாளர், இடதுசாரி. 1974இல் பிடித்தார்கள், சித்திரவதை செய்தார்கள், ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 17 வருடம் கழித்து, வெளிநாடுகளின் நெருக்கடி தாங்காமல் 1991 செப்டம்பரில் விடுவிக்க வேண்டிவந்தது. விட்டால் ஊரில் பேசுவார். அதற்கு உள்துறை கண்டுபிடித்த வழி இது: அவருடைய அப்பா ஒரு காலத்தில் பிரேசிலில் இருந்தவர், ஆகவே செர்ஃபாட்டி பிரேசில்காரர், மொராக்கோ குடிமகனே இல்லை, ஆகவே நாடு கடத்துகிறோம். சிறையிலிருந்து நேராக விமானத்தில் ஏற்றி ஃபிரான்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். சொந்த நாட்டுக்காரனாகவே நடத்தி 17 வருடம் சிறையில் வைத்த அரசு, சிறைக் கதவைத் திறக்கும் நாளில் நீ எங்கள் ஆளே இல்லை என்றது. ஒரு மனிதனை ஊரைவிட்டு அனுப்ப ஒரு தாள் போதுமாக இருந்தது.

மேற்கு சஹாரா விவகாரமும் அவரிடமே இருந்தது. 1991இல் போர்நிறுத்தம் வந்தது, தனிநாடா, மொராக்கோவோடு சேர்வதா என்று ஐ.நா. பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக இருந்தது. யார் சஹ்ராவி (அந்த மண்ணின் பூர்வகுடி), யாருக்கு வாக்கு என்ற பட்டியலில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டது. ஸ்பெயின் 1974இல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர். மொராக்கோ வடக்கிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுவந்து அங்குள்ள லாயூன் நகரத்துக்கு அருகே கூடார முகாம்களில் தங்கவைத்து, இவர்களும் பூர்வீகமாக இந்த மண்ணின் குடிகள்தான் என்றது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஐ.நா. அதிகாரிகள் பல வருடம் ஆராய்ந்து, கடைசியில் ஏற்றுக்கொண்டது சுமார் 86,000 பேரை. நிராகரிக்கப்பட்டவர்களின் மேல்முறையீடுகள் லட்சத்தைத் தாண்டின. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று சான்று கொடுக்கும் அதிகாரத்தை ஒரு பாலைவனத்தின் அளவுக்கு விரித்துப் பார்த்தது போல இருந்தது அது.

அவருடைய இடம் எவ்வளவு உறுதி என்பது 1995 ஜனவரியில் எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்க்கட்சிகள் ஆட்சியமைக்க மன்னர் அழைத்திருந்தார். பஸ்ரி இருக்கக் கூடாது என்றார்கள் அவர்கள். பஸ்ரியை விட மாட்டேன் என்றார் மன்னர். பேச்சு முறிந்தது. அரசியல் சட்டத்தில் எழுதாத ஒரு சொல் மொராக்கோவில் உண்டு: "இறையாண்மை அமைச்சகங்கள்". அன்று உள்துறை, வெளியுறவு, நீதி, மத விவகாரம் போன்றவை. இவற்றுக்கு ஆள் போட்டது மன்னர், பிரதமர் அல்ல.

மூன்று வருடம் கழித்து எதிர்க்கட்சிகள் இறங்கிவந்தன. 1998 மார்ச்சில் சோஷலிஸ்ட் தலைவர் அப்துர் ரஹ்மான் யூசுஃபி பிரதமரானார். சிறை கண்டவர், 15 வருடம் வெளிநாட்டில் கிடந்தவர். அவருடைய அமைச்சரவையில் உள்துறை பஸ்ரியிடமே. தன்னையும் தன் தோழர்களையும் கண்காணித்த மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஆட்சி நடத்தினார். யூசுஃபியை இதற்காகத் திட்டுகிறவர்கள் மொராக்கோவில் இன்றும் நிறைய. மன்னர் நோயில் இருந்தார், அதிகாரம் கைமாறும் நேரம், நாடு சிதறிவிடக் கூடாது என்று அவர் விழுங்கிக்கொண்டார் என்பது என் கணிப்பு.

1999 ஜூலை 23 அன்று இரண்டாம் ஹசன் இறந்தார். 35 வயது மகன் ஆறாம் முகம்மது அரியணை ஏறினார். பட்டத்து இளவரசராக இருந்தபோது அவரையும் உள்துறை கண்காணித்து அப்பாவிடம் அறிக்கை கொடுத்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. செப்டம்பரில் லாயூனில் மாணவர்கள் உட்கார்ந்து நடத்திய போராட்டத்தைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. பழைய கைப்பழக்கம். புதிய மன்னருக்கு அது பெரிய தலைக்குனிவு. அதே மாதம் 30ஆம் தேதி, உள்துறை பிரேசில்காரர் என்று சொல்லி அனுப்பிய செர்ஃபாட்டி, மன்னரின் அனுமதியோடு மொராக்கோ குடிமகனாக ரபாத்தில் வந்து இறங்கினார். பஸ்ரியின் காலம் முடிந்தது என்பதற்கு வேறு அறிவிப்பு தேவைப்படவில்லை. அக்டோபர் 12 அன்று கசபிளாங்காவில் அதிகாரிகள் முன்னால் பேசிய மன்னர் "அதிகாரம் பற்றிய புதிய கருத்து" என்ற சொல்லைப் பயன்படுத்தினார். நவம்பர் 9 அன்று பஸ்ரி நீக்கப்பட்டார். முந்தின நாள்தான் அவருக்கு 61 வயது முடிந்திருந்தது. தெருவில் ஒரு கல்கூட அவருக்காக விழவில்லை. எந்தப் படையும் நகரவில்லை, எந்தக் கட்சியும் அறிக்கை விடவில்லை. விட அவருக்குக் கட்சி ஏது?

பிறகு பாரிஸ் போனார். அங்கிருந்து பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். சஹாரா விஷயத்தில் சஹ்ராவிகளே முடிவெடுக்க வேண்டும் என்கிற அளவுக்குப் போனார். தான் மன்னரின் ஊழியன், சொன்னதைச் செய்தவன் என்றார். அவருடைய பாஸ்போர்ட் காலாவதியானபோது புதுப்பிக்க மறுக்கிறார்கள் என்று வெளிப்படையாக முறையிட்டார். முன்பு ரபாத்தில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கிடைப்பதும் கிடைக்காததும் அவருடைய அமைச்சகத்தின் கையில் இருந்தது. அந்த முறையீட்டைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. செர்ஃபாட்டிக்குச் செய்தது தவறென்றால் இவருக்குச் செய்ததும் தவறுதான். ஆள் மாறிய பிறகும் அதே தாள், அதே பூட்டு அப்படியே இருந்தது என்பதுதான் அதில் எனக்குத் தெரிந்த செய்தி.

"பஸ்ரி காலம்" என்று மொராக்கோவில் சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல் அரண்மனைக்கு வசதியானது. எல்லாம் அந்த ஒரு மனிதரோடு போயிற்று என்று சொல்லிவிடலாம். 2004இல் ஆறாம் முகம்மது அமைத்த நீதி, நல்லிணக்க ஆணையம் பாதிக்கப்பட்டவர்களைத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்துப் பேசவிட்டது. அரபு உலகில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 16,000க்கும் மேற்பட்ட கோப்புகளைப் பரிசீலித்தார்கள், இழப்பீடு கொடுத்தார்கள், அந்த 77 உடல்களைத் தேடியதும் அதே ஆணையம்தான். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: பேசுபவர்கள் தங்களைத் துன்புறுத்தியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது. பஸ்ரியின் பெயரும் அதில் அடக்கம். அவர் எந்த நீதிமன்றத்திலும் இதற்காகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை.

அந்த ஆணையத்தின் தலைவர் பெயரும் இத்ரிஸ்தான். இத்ரிஸ் பென்ஸெக்ரி, இடதுசாரி மாணவராகப் பிடிபட்டு 17 வருடம் சிறையில் இருந்தவர். 2007 மே 20 அன்று புற்றுநோயில் இறந்தார், 57 வயதில். மூன்று மாதம் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று, பாரிஸில் பஸ்ரி இறந்தார், 68 வயதில். உடலை ரபாத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.